எடிசன் அணித் தலைவி

ஜனவரி 2, வெள்ளி

உலகத்திலேயே பெரிய கண்டுபிடிப்பாளர் யார்? எனக்குத் தெரியாது. இருபது வருடங்களுக்கு மேலாகக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியாது என்று இன்று எங்கள் குடியிருப்பு அசோசியேஷன் செயலாளர் ராக்கியண்ணனிடம் சொன்னேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"உங்களாட்டம் படிச்சவங்களே தெரியாதுன்னா எப்படிங்க மேடம். பொங்கலுக்குப் பட்டிமன்றம் வெக்கறோம். போன வருசம் மாமியாரா, மருமகளான்னு வெச்சு, சி பிளாக்குல ரெண்டு குடும்பம் இன்னும் பேசிக்கறதில்லீங்க. அதான் இந்தத் தடவை யாரு மனசும் நோகாத தலைப்பா எடுத்தோம். அறிவியல்."

அறிவியலில் யார் மனசும் நோகாது என்று நம்பும் மனிதரிடம் நுண்கணிதம் யாருடையது என்று நியூட்டனும் லைப்னிட்ஸும் போட்ட சண்டையை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று யோசித்தபடி தலையை ஆட்டிவிட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

காஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் கசியவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

கம்யூனிட்டி ஹாலில் கூட்டம். யாரை யாரோடு மோதவிடுவது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆர்க்கிமிடீஸ் குளியலறைக் கதையோடு நின்றுவிடுவார், பெண்கள் முன் வேண்டாம் என்று விலக்கப்பட்டார். ரைட் சகோதரர்கள் இரண்டு பேர் என்பதால் எதிரணிக்கு அநியாயம் என்றார் ஒருவர். நான் ஃபாரடேயைச் சொன்னேன். முதல் மோட்டார் அவருடைய மேசையில்தான் சுற்றியது, மோட்டார் பம்பு செய்து பிழைக்கும் கோயம்புத்தூரே அவர் இட்ட சோறு என்றும் சொன்னேன்.

"பெரிய மனுசராத்தான் இருக்கோணும்," என்றார் ராக்கியண்ணன். "ஆனா யாருக்கும் தெரியாதுங்களே. சனம் கை தட்டாது."

கண்டுபிடிப்பாளர்களை ஒப்பிட முடியாது என்பதையும் சொல்லிப் பார்த்தேன். எந்த அளவுகோல்? காப்பாற்றிய உயிரா, மிச்சப்படுத்திய நேரமா? ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் வரிசையில் உயரமானவர் யார் என்று எப்படிச் சொல்வது? பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மைக் இல்லாமலேயே மைக் வைத்ததுபோல் கேட்டது.

"அளவுகோல் எல்லாம் எதுக்குங்க மேடம். எம்பட ஆளு ஜென்னரு. அம்மை ஊசி கண்டுபுடிச்சவரு. பசுவோட அம்மையிலிருந்து மனுசனைக் காப்பாத்துனாரு. அவருக்கு எதிரா யாரை வேணும்னாலும் கொண்டாங்க, பாத்துக்கறேன்."

பி பிளாக்கில் குடிவந்திருக்கும் கால்நடை மருத்துவர் சென்னியப்பன். அரசு கால்நடை மருத்துவமனையில் வேலை. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறதாம், மகள் புனேயில். எருமைகளோடு பேசிப் பழகிய குரல். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை. கவனித்தேன் என்று சொல்வதற்கில்லை, எதிரே உட்கார்ந்திருந்தார்.

முடிவு: எடிசனா, ஜென்னரா? நான் எடிசன் அணித் தலைவி. பட்டிமன்றத்தில் கட்சி, நம்பிக்கையால் வருவதில்லை, செயலாளரால் வருகிறது. பல்பை எடிசன் ஒருவரே கண்டுபிடித்தார் என்று எழுதும் மாணவிகளுக்கு நான் அரை மதிப்பெண் குறைப்பது வழக்கம்.

ஜனவரி 6, செவ்வாய்

வகுப்பில் எடிசனைத் தவிர்த்துவிட்டு நேராக மின்மாற்றிக்குப் போனேன்.

ஜனவரி 8, வியாழன்

பட்டிமன்றத்துக்கு ஒத்திகை உண்டு என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது. மேடையில் திட்டிக்கொள்ளும் இருவரும் முன்கூட்டியே உட்கார்ந்து, நீங்கள் இப்படித் திட்டுங்கள், நான் அப்படித் திட்டுகிறேன் என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டுமாம். நடுவராக வரப்போகும் மரகதம் டீச்சர் சொன்னார். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபது பட்டிமன்றம் பார்த்தவர். "ஒத்திகை இல்லாமத் திட்டுனா அது சண்டை. ஒத்திகை பாத்துத் திட்டுனா இலக்கியம்."

எனவே மாலை ஆறு மணிக்கு டாக்டர் என் வீட்டுக்குத் திட்ட வந்தார். கதவைத் திறந்தே வைத்தேன்.

"நீங்க மொதல்ல என்னை என்ன சொல்லப் போறீங்க?"

"மாட்டு வைத்தியருக்கு மாட்டைத் தவிர எதுவும் தெரியாதுன்னு ஆரம்பிக்கலாம்னு."

"இது பத்தாதுங்க மேடம். இதை என் மாமியாரே சொல்லியிருக்கறாங்க. இன்னும் காரமா."

ஜென்னருக்கு இருபத்திரண்டு வருடம் முன்பே ஒரு விவசாயி மாட்டம்மைக் கொப்புள நீரை எடுத்துத் துணி தைக்கும் ஊசியால் தன் மனைவிக்கு ஏற்றிவிட்டார், பெருமை அவருக்கல்லவா போக வேண்டும் என்றேன். அவர் சற்று நேரம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப அந்தம்மாவுக்குத்தாங்க போகோணும். புருசன் துணி ஊசியத் தூக்கீட்டு வர்றான், கைய நீட்டிட்டு உக்காந்திருக்குது பாருங்க."

சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். டாக்டர் என்னைத் திட்ட வரி இல்லாமல் தவித்ததால் நானே எழுதிக் கொடுத்தேன்: "எதிரணித் தலைவி பல்பு மாதிரி. வெளிச்சம் நிறைய, தொட்டால் சுடும்." அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் சொல்லவில்லை. அவர் போன பிறகு என் தம்ளரைக் குடித்தபோதுதான் தெரிந்தது.

ஜனவரி 10, சனி

இரண்டாம் ஒத்திகை. தேவையில்லைதான், ஆனால் எடிசனின் எதிரிகளைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். எதிரணிக்கு ஆயுதம் கொடுக்கும் தலைவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எடிசன் அமெரிக்காவில் பல்பு செய்த அதே காலத்தில் இங்கிலாந்தில் ஸ்வான் என்பவரும் செய்துவிட்டார் என்றேன். வழக்குப் போடத் தயாரானார்கள். கடைசியில் வழக்கு வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து ஒரே கம்பெனி தொடங்கி, இருவர் பெயரையும் ஒட்டவைத்து எடிஸ்வான் என்று விளக்கு விற்றார்கள்.

"எதிரணியும் எதிரணியும் ஒண்ணாச் சேந்துட்டாங்களா?"

"ஆமாம்."

"புத்திசாலிங்க," என்றார்.

மிக்ஸி ஜார் அடியில் கசிகிறது என்று நான் பேச்சை மாற்றினேன். கழற்றிப் பார்த்தார். இப்போது மூடியும் கசிகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு புடவை வாங்கினேன். மாம்பழ மஞ்சள். நல்ல புடவைகள் எல்லாம் சலவையில் இருந்தன. எல்லாம் என்றால், இரண்டு.

ஜனவரி 12, திங்கள்

காலை ஏழரைக்குக் கல்லூரிக்குக் கிளம்பும்போது காவலாளி எழுந்து நின்று கும்பிட்டார். வழக்கமாக உட்கார்ந்தபடிதான் கும்பிடுவார். "சந்தோசமுங்கம்மா," என்றார். எதற்கென்று கேட்காமல் கேட்டைத் தாண்டினேன். தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன்.

பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ். ரோஜாப்பூ வளைவு. நடுவில் இரண்டு வட்டங்கள், ஒன்றையொன்று லேசாகத் தொட்டபடி. ஒன்றில் நான், கல்லூரி அடையாள அட்டைப் படம். மற்றதில் டாக்டர். கீழே இரண்டு புறாக்கள். "நாள்: ஜனவரி 17, சனிக்கிழமை. மாலை 6 மணி. இடம்: கம்யூனிட்டி ஹால். அனைவரும் குடும்பத்துடன் வருக." மேலே இரண்டு மூலைகளிலும், காலமான தாத்தாக்கள் நின்று ஆசீர்வதிக்கும் இடத்தில், எடிசனும் ஜென்னரும். இருவருக்கும் சந்தனப் பொட்டு வைத்தாற்போல் ஓர் ஒளி.

பட்டிமன்றம் என்ற சொல்லும் இருந்தது. புறாக்களுக்குப் பின்னால்.

ராக்கியண்ணனுக்குப் போன் போட்டேன். "கடைக்காரன் பொங்கல் அவசரத்துல கல்யாண டிசைன்லயே போட்டுக் குடுத்துட்டானுங்க மேடம். நானும் பாத்தேன். பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுன்னு விட்டுட்டனுங்க."

கல்லூரிக்குப் பதினைந்து நிமிடம் தாமதம். இது நடந்ததே இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

பொள்ளாச்சியிலிருந்து அக்கா இந்திராணி போன் போட்டாள். அந்த ஃப்ளெக்ஸின் படம் அவளுக்கு மூன்று வாட்ஸப் குழுக்களிலிருந்து போயிருக்கிறது.

"ஏ கோகி, கூடப் பொறந்தவகிட்டச் சொல்லாம ஃப்ளெக்ஸ் அடிக்கற அளவுக்குப் போயிட்டியா?"

"அது பட்டிமன்றம்க்கா."

"கல்யாணத்துல பட்டிமன்றமும் வெக்கறீங்களா? செரி செரி, படிச்சவங்க. அந்த மேல இருக்கற வெள்ளைக்காரன் ரெண்டு பேரும் யாரு, மாப்பிள்ளை வழியா?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். அவள் கேட்டுக்கொள்ளும் விதமே சந்தேகத்துக்குரியது. கடைசியில், "ஆளு எப்படி?" என்றாள்.

"அவருக்கு அறிவியல் வரலாறு போதாது."

"அதைக் கேக்கலடி," என்று வைத்துவிட்டாள். வைக்குமுன் சிரித்தது கேட்டது. என் அக்காவை நான் சிரிக்கவைத்து வெகு காலமாகிறது.

ஜனவரி 14, புதன், போகி

ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொல்லி நேரில் போய் நின்றேன். ராக்கியண்ணன் நிதானமாகக் கேட்டார்: "கழட்டீரலாமுங்க. ஆனா மூணு நாளா ஊரே பாத்திருச்சு. இன்னிக்குக் கழட்டுனா கல்யாணம் நின்னுபோச்சுன்னு பேசுவாங்க. பரவால்லீங்களா?"

தர்க்கத்தில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. ஃப்ளெக்ஸ் இருக்கிறது.

திரும்பி வரும்போது டாக்டர் கீழே அதன் முன் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஜென்னரைப் பார்ப்பதுபோல் பார்வையை மேலே தூக்கிக்கொண்டார்.

பழைய விடைத்தாள்களை எடைக்குப் போட்டேன். வீடு இத்தனை அமைதியாக இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாட்டுப் பொங்கல் கொண்டாட ஒரு மாடு வேண்டுமல்லவா? டாக்டர் கல்வீரம்பாளையத்திலிருந்து ஒன்றைக் கூட்டிவந்தார். கார் நிறுத்தும் இடத்தில் அதற்கு மாலை போட்டார்கள். மாலையை உடனே தின்றுவிட்டது. பிறகு தோரணக் கரும்பு. ஜென்னரின் ஊசிக்கு அம்மை தந்த பசுவின் பெயர் பிளாசம், பூ என்று அர்த்தம், அதனால் இதற்கும் இன்று பூவாத்தா என்று பெயர் வைத்தாகிவிட்டது என்றார். நாளை இதை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கப் போவதாக மிரட்டினார்.

"சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணுவேன்," என்றேன்.

பொங்கல் வாங்கக் கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. அவர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"கோகிலவாணி, ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்கப்படாது."

இதுவரை மேடம்தான். பெயர் சொன்னது முதல் முறை. குரலைத் தாழ்த்திப் பேச அவருக்கு வரும் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

"கேளுங்க."

"அந்த ஃப்ளெக்ஸு நெசமாவே அதுக்குன்னு அடிச்சதா இருந்திருந்தா, உங்களுக்கு ஆட்சேபணை உண்டுங்களா?"

"டாக்டர், உங்க மாடு என் முந்தானையத் தின்னுட்டிருக்கு."

குனிந்து பொறுமையாக அதன் வாயிலிருந்து மாம்பழ மஞ்சளை மீட்டார். ஒரு சாண் போய்விட்டது. "இது பதிலில்லீங்க," என்றார்.

"ஞாயித்துக்கெழமை காலைல சொல்றேன்."

நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தி, மாட்டு எச்சில் சொட்டும் புடவையோடு, படியேறி மூன்றாம் மாடிக்கு வந்தேன். லிஃப்ட் இருந்தது. நினைவில்லை.

ஜனவரி 17, சனி

பட்டிமன்றம் முடிந்து இப்போதுதான் வந்தேன். நாற்காலிகள் போதவில்லை. பாதிப் பேர் வேறு குடியிருப்புக்காரர்கள். கல்யாணம் என்று வந்து, பட்டிமன்றம் என்று தெரிந்தும் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். மொய்க் கவரோடு வந்த ஒருவரை ராக்கியண்ணன் வெகுநேரம் வாசலில் சமாதானப்படுத்தினார். அக்கா பொள்ளாச்சியிலிருந்து பட்டுப் புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் முதலில் பேசினேன். மாட்டு வைத்தியர் கேலிக்கு நல்ல சிரிப்பு. துணி ஊசி விவசாயிக்கு அதைவிட. பிறகு எடிசனை நிறுத்த வேண்டியிருந்தது. எனக்கு உண்மையென்று படும் ஒன்றைத்தான் என்னால் உரக்கச் சொல்ல முடியும். அதைத் தேடி வைத்திருந்தேன். எடிசனின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு பல்பு அல்ல, மென்லோ பார்க்கில் அவர் கட்டிய கூடம் என்றேன். கண்ணாடி ஊதுகிறவர், கணக்குப் போடுகிறவர், எந்திரம் கடைகிறவர் எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழ் உட்காரவைத்தார். மேதை என்றால் பூட்டிய அறையில் தனியே இருப்பவன் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அப்படித் தனியாக இருந்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை என்று காட்டியவர் அவர். கூட ஓர் ஆள் வேண்டும். தப்பைத் தப்பென்று சொல்ல, சர்க்கரை இல்லாத காப்பியைக் குடிக்க.

கடைசி வாக்கியம் குறிப்பில் இல்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை. யாருக்கும் புரிந்திருக்காது. கைதட்டல் மட்டும் நிற்கவில்லை.

டாக்டர் எழுந்தார். பூவாத்தாவை மேடையேற்ற அனுமதி கிடைக்காததால் ஹால் வாசலில் கட்டியிருந்தார். அவர் ஜென்னர் என்று சொல்லும்போதெல்லாம் அது கத்தியது. பெரியம்மை ஒழிந்ததைப் பற்றி நன்றாகவே பேசினார். "இங்க உக்காந்திருக்கற பெரியவங்க பல பேரு கையில அந்தத் தழும்பு இருக்கும். தொட்டுப் பாருங்க. அது ஜென்னரோட கையெழுத்து." எல்லோரும் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும்.

பிறகு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். "எதிரணித் தலைவி பல்பு மாதிரி, தொட்டா சுடும்னு சொல்லச் சொல்லி ஒத்திகையில அவங்களே எழுதிக் குடுத்தாங்க." தாளை மடித்தார். "ரெண்டு வாரமாப் பாக்கறேன். எனக்கு அப்படித் தோணலீங்க."

விசில் அடித்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

மரகதம் டீச்சர் தீர்ப்பு சொன்னார்: "எடிசனோட வெளிச்சம் இல்லேன்னா ஜென்னரு ஊசிய எங்க குத்தறதுன்னு தெரியாது. ஜென்னரோட ஊசி இல்லேன்னா எடிசன் பல்பு செய்யற வரைக்கும் இருந்திருக்கமாட்டாரு. ஆக ரெண்டு பேரும் சேந்தாத்தான் உலகம்." முதல் பாதி காலவரிசைப்படி தவறு. எடிசன் பிறப்பதற்கு முன்பே ஜென்னர் இறந்துவிட்டார். எழுந்து திருத்தலாம் என்று நினைத்தேன். திருத்தவில்லை.

நாளை காலை என்ன சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். எனக்குத் தனியாக வாழத் தெரியும். இன்னொருவரோடு வாழத் தெரியுமா என்பதற்கு எந்தத் தரவும் இல்லை. அவர் சத்தமாகப் பேசுகிறார். மிக்ஸியை மேலும் கெடுத்தார். ஊரெல்லாம் ஒரு ஃப்ளெக்ஸைப் பார்த்துச் சிரித்தது என்பதற்காக யாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை. நான்கு வாக்கியங்கள் தயார். மரியாதையாகவும் தெளிவாகவும் இருக்கின்றன. சொல்லிப் பார்த்தேன். மூன்றாவதில் குரல் கொஞ்சம் சரியில்லை, நாளைக்குள் சரியாகிவிடும்.

ஜனவரி 18, ஞாயிறு

நடந்தது இது.

எட்டு மணிக்கு பி பிளாக் போனேன். அவர் ரப்பர் பூட்ஸோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். தொண்டாமுத்தூரில் ஒரு பசு விடிந்ததிலிருந்து கன்று ஈன முடியாமல் தவிக்கிறதாம். "வண்டியில வந்துட்டே சொல்லுங்களேன்," என்றார். ஏறிவிட்டேன். வழி முழுக்க அவர் போனில் விவசாயியோடு பேசிக்கொண்டு வந்ததால் முதல் வாக்கியத்தைக்கூடத் தொடங்க முடியவில்லை.

கொட்டகையில் குளுக்கோஸ் பாட்டிலை என் கையில் கொடுத்து உயரமாகப் பிடிக்கச் சொன்னார். சட்டையைக் கழற்றி, தோள்வரை சோப்பு பூசிக்கொண்டு, கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பசுவிடம் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். நேற்று முன்தினம் என்னிடம் கேட்டாரே, அந்தக் குரலில்.

"முன்னங்கால் ஒண்ணு மடங்கியிருக்குது. நிமித்திட்டேன். இனி இழுக்கோணும். ஆள் பத்தாது, கோகிலவாணி, பாட்டில ஆணியில மாட்டீட்டு வாங்க."

கயிற்றைப் பிடித்தேன். எனக்கு முன்னால் விவசாயி, அவருக்கு முன்னால் டாக்டர். பசு முக்கும்போது இழுக்க வேண்டும், நிறுத்தும்போது நிறுத்த வேண்டும். மூன்றாவது இழுப்பில் கன்று மொத்தமாக வழுக்கி வந்தது. எதிர்விசை போன வேகத்தில் நாங்கள் மூவரும் வரிசையாக வைக்கோலில் மல்லாந்து விழுந்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. அதைத் தேடிக்கொண்டும் சிரித்தேன்.

பெண் கன்று, கிடாரி. கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கியது. விவசாயியின் மனைவி கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். தண்ணீர்ச் செம்பையும் கொடுத்துவிட்டு, என் புடவையையும் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலையும் பார்த்தார்.

"அம்மிணி, டாக்டரு உங்களுக்கு என்ன மொறையாகோணும்?"

அவர் கன்றின் தொப்புள்கொடியில் மருந்து தடவி, நூலால் கட்டிக்கொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம். பதில் சொல்லத் தலையைத் தூக்கியது தெரிந்தது.

"கட்டிக்கப் போறனுங்க," என்றேன்.

தயாரித்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களில் இது இல்லை.

அவர் திரும்பவில்லை. கை மட்டும் ஒரு கணம் நின்றது. தொப்புள்கொடிக்கு ஒரு முடிச்சே போதும் என்று பிறகு வண்டியில் அவரே சொன்னார். மூன்று போட்டதை நான் பார்த்தேன்.